எந்தக் கிதாரை வாசிக்கணும்னு சொல்ல நீ யாரு?

ஒரு பழைய சண்டையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நடந்தது இங்கிலாந்தில், 1958 அக்டோபரில். இன்னும் முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, கூட்டம் முடிந்து ஐந்தாறு பேர் ஒரு தோழரின் அறையில் உட்கார்ந்து மட்டி வாட்டர்ஸ் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் 1941-ல் பதிவானது. மிசிசிப்பியில் ஸ்டோவால் பண்ணையில், சாதாரண மரக்கிதாரை வைத்துக்கொண்டு பாடியது. அடுத்து 1958-ல் மான்செஸ்டரில் நடந்த கச்சேரியின் பதிவு. இதில் மின்கிதார். தோழர் முகத்தைச் சுளித்தார். “மொதல்ல கேட்டதுதான்யா அசல். அதுல மண்ணு இருக்கு, வேதனை இருக்கு. இது வெறும் சத்தம்.”

எனக்குச் சுருக்கென்றது. தோழர் சொன்ன இதே வாக்கியத்தை வெள்ளைக்காரன் சொல்லி அறுபது வருசத்துக்கு மேலாகிறது.

மட்டி வாட்டர்சும் பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பானும் அந்த அக்டோபரில் இங்கிலாந்து போனார்கள். கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழு அவர்களோடு சேர்ந்து ஊர் ஊராக வாசித்தது. முதல் கச்சேரி லீட்ஸ் நகரத்தில். சிகாகோவில் தன் சனங்களுக்கு எப்படி வாசிப்பாரோ அப்படியே ஆம்ப்ளிபயரைத் திருகிவிட்டு வாசித்தார். கூடியிருந்தவர்களில் ஒரு பகுதி அதிர்ந்துபோனது. கிதார் அலறுகிறது, ப்ளூஸ் கெட்டுவிட்டது என்று புலம்பினார்கள். விமர்சகர்கள் எழுதினார்கள். அடுத்தடுத்த ஊர்களில் அவர் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எல்லோரும் அப்படி இல்லை. சொக்கிப்போனவர்களும் இருந்தார்கள். லண்டனில் ப்ளூஸ் மன்றம் நடத்திவந்த அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிசும் அந்தச் சத்தத்தில் ஒரு வழியைக் கண்டார்கள். பிறகு அவர்களே மின்கிதாரோடு குழு கட்டினார்கள். 1962-ல் மட்டியின் பாட்டு ஒன்றிலிருந்து பெயரெடுத்துக்கொண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் கிளம்பியது. ஆக, ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். சரி. ரசனை ஆளுக்கு ஆள் மாறும், இதிலென்ன அரசியல் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முகம் சுளித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் விசயமே. அவர்களில் இடதுசாரிகள் உண்டு. நிறவெறியை மனதார வெறுத்தவர்கள் உண்டு. கறுப்பரின் இசைத்தட்டைத் தேடித் தேடி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர்கள். ஆனால் அவர்கள் நேசித்த கறுப்பர் யார்? பருத்திக்காட்டில் நிற்பவர். கிழிந்த சட்டை, ஒற்றைக் கிதார், தீராத துயரம். அந்தக் கறுப்பர் கோட்டு மாட்டிக்கொண்டு கரண்டில் வாசித்தால் இவர்களுடைய நேசம் தடுமாறுகிறது.

இந்தப் படத்தை வரைந்தவர்களும் ஆதரவாளர்கள்தான். 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் கறுப்பர் இசைக்கென்று ஒரு பெரிய நிகழ்ச்சி. பிக் பில் ப்ரூன்சி பாடினார். அவர் சிகாகோவில் பல வருசம் வாழ்ந்து ஏகப்பட்ட இசைத்தட்டு போட்டவர். மேடையிலோ அவரை அர்க்கன்சாஸ் விவசாயி என்று காட்டினார்கள். 1951 முதல் ஐரோப்பாவுக்குப் போனபோதும் இதே வேடம். சிகாகோவில் மின்கிதாரும் டிரம்முமாக வாசித்த மனிதர், அங்கே மண்வாசனை வீசும் கடைசிக் கிராமத்துப் பாடகரானார். பிழைக்க வேண்டுமே, அவரும் போட்டுக்கொண்டார். அவரைக் கேட்டுப் பழகிய காதுகள்தான் 1958-ல் மட்டியின் சத்தத்துக்குப் பொத்திக்கொண்டன.

இப்போது மட்டியின் கதைக்கு வருவோம். 1941-ல் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு பண்ணைக்கு வந்தபோது மட்டிக்குப் பயம். அவர் கள்ளச்சாராயம் விற்றுவந்தவர். பிடிக்க வந்த சர்க்கார் ஆள் என்று நினைத்தார். நாம் மண்ணின் குரல் என்று உருகுகிற அந்தப் பாட்டு, டிராக்டர் ஓட்டி மணிக்கு 22½ சென்ட் வாங்கிய ஒருவருடைய பாட்டு. 25 சென்ட் கொடு என்று கேட்டார். மேஸ்திரி முடியாது என்றான். 1943-ல் ரயிலேறிச் சிகாகோ போய்விட்டார். அங்கே ஆலை வேலை, லாரி ஓட்டும் வேலை, ராத்திரியில் பாட்டு. தென்சிகாகோ மதுக்கடைகளில் ஆலையிலிருந்து வந்த கூட்டம் சிரிக்கும், கத்தும், ஆடும். அந்த இரைச்சலில் மரக்கிதார் யாருக்குக் கேட்கும்? மின்கிதார் எடுத்தார். தன் சனங்களுக்குக் கேட்க வேண்டும் என்று எடுத்தார்.

மிசிசிப்பியை விட்டு ஓடி வந்த லட்சக்கணக்கான கூலிகளின் சத்தம் அது. அதைக் கேட்டு ‘ப்ளூஸ் கெட்டுப்போச்சு’ என்றால் என்ன பொருள்? ‘நீ ஓடி வந்தது தப்பு’ என்று பொருள். ‘பண்ணைக்கே திரும்பிப் போய்ப் பாடு, எனக்கு அங்கேதான் உன்னைப் பிடிக்கும்’ என்று பொருள். மேஸ்திரி கூலி தர மாட்டேன் என்றான். ரசிகர் மின்சாரம் தர மாட்டேன் என்கிறார். ஒருவன் பகைத்துச் சொன்னான், இன்னொருவர் நேசித்துச் சொல்கிறார்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்தக் கச்சேரிகளுக்கு ஒன்றரை மாதம் முன்புதான், 1958 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும், லண்டன் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர் கூட்டம் மேற்கிந்தியக் கறுப்பர்களை வீடு புகுந்து தாக்கியது. பக்கத்துத் தெருக் கறுப்பருக்கு அடி. தூரத்துப் பருத்திக்காட்டுக் கறுப்பருக்குக் கைதட்டல். துயரம் தொலைவில் இருந்தால் கலை. பக்கத்தில் வந்து வாடகைக்கு வீடு கேட்டால் தொந்தரவு.

மட்டி என்ன செய்தார்? இவர்களுக்கு இதுதான் பிடிக்கும்போல என்று நினைத்து, 1963-ல் திரும்பப் போனபோது மரக்கிதாரை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் அங்கே காலம் மாறிவிட்டது. இப்போது இளசுகளுக்கு மின்கிதார்தான் வேண்டும். ‘எங்கே அந்தச் சத்தம்?’ என்று மறுபடி ஏமாற்றம்! சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. ரசனை தலைகீழாகியும், நீ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மாறவில்லை.

1964-ல் மான்செஸ்டரில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கைவிடப்பட்ட ரயில் நிலையத்தை அமெரிக்கத் தெற்கத்தி நிலையம்போல் ஜோடித்தது. மரப்பெட்டி, கோழி, ஆடு. ஒரு பக்க நடைமேடையில் வெள்ளை இளைஞர்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கலைஞர்கள். மட்டியும் பாடினார். ஆனால் அங்கேயும் கோட்டும் நகையுமாக வந்திறங்கிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப், மழை ஈரத்தில் மின்கிதாரைத் தோளில் மாட்டி அடித்தாரே ஓர் அடி! கோழியும் ஆடும் எங்கே போயின என்றே தெரியவில்லை. ஜோடனையை உடைக்க அந்த அம்மாவுக்கு அந்த ஒரு கிதார் போதுமாயிருந்தது.

‘வெள்ளைக்காரனையும்தான் திட்டினார்கள், டிலன் மின்கிதார் எடுத்தபோது கத்தவில்லையா?’ என்று தோழர் கேட்டார். கத்தினார்கள். 1966 மே மாதம், மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் அரங்கம். மட்டி எட்டு வருசம் முன்பு வாசித்துவிட்டுப் போன அதே அரங்கம். டிலனைப் பார்த்து ஒரு ரசிகர் ‘யூதாஸ்’ என்று கத்தினார். இன்றைக்கு அந்தக் கூச்சல் டிலனின் கலகத்துக்குச் சான்றிதழ். வெள்ளைக்காரர் கரண்டு எடுத்தால் மேதையின் வளர்ச்சி, கறுப்பர் எடுத்தால் அசல் கெட்டுவிட்டது. தராசு ஒன்றுதானா தோழர்?

கறுப்பர்களே ப்ளூசை ஏளனம் செய்யவில்லையா என்றும் கேட்டார். செய்தார்கள். பால்டிமோரில் ராயல் தியேட்டரில் கறுப்பு இளைஞர்கள் பி.பி. கிங்கைக் கூச்சல் போட்டு அவமதித்தார்கள். 1967-ல் சான்பிரான்சிஸ்கோ ஃபில்மோரில் வெள்ளை இளைஞர்கள் அவருக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர் அழுதுவிட்டார். அந்தக் கண்ணீரை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். ஆனால் கறுப்புப் பிள்ளைகளின் கூச்சல் வேறு. எங்க அப்பன் பாட்டன் முதுகு வளைத்த காட்டை ஞாபகப்படுத்தாதே என்ற கூச்சல். அது வீட்டுச் சண்டை. அவர்கள் காட்டை விட்டு வெளியே போகக் கத்தினார்கள். லீட்சில் முனகியவர்கள் அவரைக் காட்டுக்கே அனுப்ப முனகினார்கள்.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு எழுந்து போக எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

ஆறேழு வருசம் முன்பு எங்கள் கலை இரவுக்கு ஒரு பெரியவரைக் கூப்பிட்டிருந்தோம். பறையிசைக் கலைஞர். அவர் பேண்ட் சட்டையில் வந்தார். கையில் ஃபைபர் பறை. மைக்கைக் கிட்டத்தில் வைக்கச் சொன்னார். எங்களுக்குள் முனகல். ‘தோல் பறை இல்லையா? நெருப்புல காய்ச்சி அடிக்கிற அழகே போச்சே.’ அந்த முனகலில் என் குரலும் இருந்தது. நானே போய்ச் சொன்னேன்: “ஐயா, அடுத்த தடவை தோல் பறையோட, வேட்டியில வந்தீங்கன்னா நல்லாருக்கும்.”

அவர் கோபப்படவில்லை. “தம்பி, தூத்தல் போடுது. தோலு நமுத்தா யாரு காய வைக்கிறது, நீயா? செத்த மாட்டத் தூக்காத, தோல உரிக்காதன்னு மேடைக்கு மேடை பேசுனது நீங்கதான? விட்டாச்சு. இப்ப தோலு எங்கன்னு நீங்களே கேக்குறீங்க.”

அன்றைக்கு அவருக்குக் கொடுத்தது ஒரு சால்வையும் பஸ் காசும். எந்தப் பறை என்று அரைமணி நேரம் விவாதித்த நாங்கள், எவ்வளவு கூலி என்று ஒரு நிமிசம் பேசவில்லை. கார்னகி அரங்கில் ப்ரூன்சிக்கு விவசாயி வேடம் போட்டவர்களுக்கும் எனக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம்?

தோல் பறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறையே அடிக்க மாட்டோம் என்று மறுத்த ஊர்களும் உண்டு, பறையைக் கலகக் கருவியாகத் தூக்கிய ஊர்களும் உண்டு. இரண்டும் அடித்தவர்கள் எடுத்த முடிவு. முடிவு அவர்களுடையது என்பதுதான் என் வாதம். வேதனையை மட்டும் எங்களிடமிருந்து ரசித்து எடுத்துக்கொண்டு, வசதியும் சத்தமும் வந்தால் ‘அசல் போச்சு’ என்பவர் யாராக இருந்தாலும், அவர் தோழராகவே இருந்தாலும், அவர் தேடுவது எங்கள் கலையை அல்ல. எங்கள் பழைய நிலைமையை.

தோழருக்கு ஒன்று சொல்வேன். அந்த மான்செஸ்டர் பதிவை இன்னொரு தடவை போடுங்கள். சத்தத்தைக் குறைக்காமல் போடுங்கள். காது வலித்தால் வலிக்கட்டும்.