ரயில் ஏறி நசுங்கியதா, அச்சிலேயே பிழையா? 'எரர் காயின்' வீடியோக்களை நம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"உங்க வீட்டு உண்டியல்ல இந்த அஞ்சு ரூபா காசு இருக்கா? அப்போ நீங்கதான் லட்சாதிபதி!" செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு வீடியோ வராத நாளே இல்லை. அதைப் பார்த்துவிட்டு சில்லறை டப்பாவைக் கொட்டித் தேடுபவர்களும் ஏராளம்.

ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை அப்படித் தேடினால் 'வித்தியாசமான' காசு ஒன்றாவது சிக்கிவிடும். ரயில் ஏறி நசுங்கியது, கடல் உப்பில் அரித்தது, பட்டறை கிரைண்டரில் தேய்ந்தது என இந்தப் பகுதியில் காசு உருமாறப் பல வழிகள் உண்டு. ஆனால், சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கும் அசல் 'எரர் காயின்' வேறு, இப்படிச் சேதமான காசு வேறு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பிழை எங்கே நடக்கிறது?

இந்திய நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய 4 இடங்களில் அச்சிடப்படுகின்றன. சென்னையிலும் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. 19-ம் நூற்றாண்டிலேயே அது மூடப்பட்டாலும், தங்கசாலைத் தெருவும் 'மின்ட்' பஸ் ஸ்டாப்பும் அதன் பெயரை இன்றும் சுமக்கின்றன.

உலோகத் தகட்டிலிருந்து முதலில் வட்ட வில்லை வெட்டப்படும். அதன் ஓரம் உயர்த்தப்படும். பிறகு மேலும் கீழும் இரண்டு அச்சுகள், சுற்றிலும் ஒரு வளையம் என மூன்றுக்கும் நடுவே வைத்து ஒரே அழுத்து. இந்தக் கட்டங்களில் ஏதாவது தவறினால் அது அச்சுப்பிழை. நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு என்ன ஆனாலும் அது சேதம்தான்.

அசல் பிழைகள் எப்படி இருக்கும்?

*அச்சு விரிசல்:* அச்சில் விரிசல் விழுந்தால், அந்த இடுக்கில் உலோகம் புகுந்து காசின் மேல் மேடான கோடாகத் தெரியும். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். நகத்தால் தடவினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

*மையம் விலகியது:* வடிவத்தின் ஒரு பகுதி இருக்காது, அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஆனால் பதிந்திருக்கும் எழுத்துகள் சரியான அளவில், கூர்மையாகவே இருக்கும்.

*ஓரம் வெட்டுப்பட்டது:* வில்லை வெட்டும்போதே நேரும் பிழை இது. வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பும் மங்கலாக இருப்பது இதன் முக்கிய அடையாளம். வெளியே யாராவது வெட்டியிருந்தால் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும். வெட்டிய இடத்தில் பிசிறோ அரத்தின் தடமோ தெரியும்.

*கண்ணாடிப் பதிவு:* முதலில் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் அதே வடிவம் இடம் வலம் மாறி, பள்ளமாகப் பதியும். மறுபக்கம் தெளிவாகவே இருக்கும்.

*அச்சு திரும்பியது:* இப்போதைய இந்தியக் காசை நிமிர்த்திப் பிடித்து பக்கவாட்டில் திருப்பினால், மறுபக்கமும் நேராகவே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அது அச்சு திரும்பிய பிழை.

வடசென்னையில் கிடைக்கும் 'அதிசய' காசுகள்

தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு அகலமாகி, மெலிந்து, பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். இரு பக்க எழுத்துகளும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். இதை 'பெரிய சைஸ் எரர்' என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. எந்த அச்சும் எழுத்தை இப்படி இழுக்காது.

மஞ்சள் நிற 5 ரூபாய் காசு நிக்கல் கலந்த பித்தளை. கடல் தண்ணீரில் நீண்ட காலம் கிடந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பு நிறமாகும். 'தவறான உலோகத்தில் அடித்த காசு' என்று நம்பிவிட வேண்டாம். லென்ஸில் பார்த்தால் பொடிப் பொடிக் குழிகள் தெரியும்.

வைஸில் இரண்டு காசுகளைச் சேர்த்து இறுக்கினால் போலி 'கண்ணாடிப் பதிவு' கிடைக்கும். ஆனால் அதன் அடியில் பழைய வடிவமும் நசுங்கிய நிலையில் தெரியும். இரு பக்கமும் ஒரே வடிவம் கொண்ட காசு என்றால், லேத்தில் குடைந்து ஒட்டிய வேலையாக இருக்கலாம். விளிம்பின் உள்பக்கம் மெல்லிய இணைப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கீழே போட்டால் 'கிளிங்' என்று ஒலிக்காமல் சத்தம் மந்தமாக வருவதும் ஒரு அறிகுறி.

10 ரூபாய் காசில் நடுவட்டம் மட்டும் இல்லையா? உள்விளிம்பில் சுத்தியல், உளித் தடம் தெரிந்தால் யாரோ தட்டி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எடை பொய் சொல்லாது

கடைக்காரரின் சிறிய டிஜிட்டல் தராசே போதும். 2011-ல் அறிமுகமான வரிசையில் ஸ்டீல் 1 ரூபாய் 3.79 கிராம், 2 ரூபாய் 4.85 கிராம், மஞ்சள் 5 ரூபாய் 6 கிராம். எழுத்து இல்லாத காசின் எடையும் குறைந்திருந்தால் கிரைண்டரோ ஆசிடோ வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். ரயில் நசுக்கிய காசில் எடை குறையாது. அதற்கு எழுத்துகள் இழுபட்டதே சாட்சி.

பிழையே இல்லாத 'பிழைகள்'

ஆண்டுக்குக் கீழே இருக்கும் டைமண்ட், ஸ்டார், புள்ளி எல்லாம் அபூர்வக் குறிகள் அல்ல. டைமண்ட் மும்பையையும், ஸ்டார் ஹைதராபாத்தையும், வட்டப்புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறியே இல்லாவிட்டால் அது கொல்கத்தா. அதேபோல ₹ குறி இல்லாத 10 ரூபாய் காசு வெறும் பழைய வடிவமைப்புதான். 10 ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

மோசடி எங்கே தொடங்குகிறது?

காசின் போட்டோவை அனுப்பியதும், "இது லட்சக்கணக்கில் போகும்" என்று பதில் வரும். அடுத்து பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, 'ரிசர்வ் வங்கி அனுமதி' என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். காசை விற்கப் போனவர் கையில் இருப்பதையும் இழக்கிறார்.

பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதே இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை, அப்படி வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. உண்மையில் வாங்குபவர் காசை நேரில் பார்த்துப் பணம் தருவார்; விற்பவரிடம் முன்பணம் கேட்க மாட்டார். அசல் பிழையாகவே இருந்தாலும் எல்லாமே லட்சத்துக்குப் போவதில்லை. சின்ன விரிசல் கோட்டுக்குப் பெரிய விலை கிடைக்காது. பணம் ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

காசை நசுக்கினால் சிறையா?

2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு வழி உண்டு. உருக்குலைக்கப்பட்ட காசு அதன் முகமதிப்புக்கும் சட்டப்படி செல்லாது. அதாவது, 'எரர் காயின்' செய்கிறேன் என்று 5 ரூபாயை நசுக்கினால் அந்த 5 ரூபாயும் போச்சு. தண்டவாளத்தில் அத்துமீறி இறங்குவது ரயில்வே சட்டப்படி தனிக் குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, காசு வைக்க ஓடும் பிள்ளைகளின் உயிருக்குத்தான்.

கையில் இருப்பது அசல் பிழை என்று தோன்றினால் அதைக் கழுவவோ தேய்க்கவோ கூடாது. தேய்த்த தடமும் சேதமாகவே கணக்கில் வரும். அப்படியே ஒரு காகித உறையில் போட்டு, அனுபவமுள்ள நாணயச் சேகரிப்பாளர் ஒருவரிடம் நேரில் காட்டுவதே நல்லது.