மூல ஓலையும் படி ஓலையும்

சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பொலீசார் ஏட்டில் எழுதினாற் போதுமா, ஒலிப்பதிவும் செய்தல் வேண்டுமா? இவ்வினா சட்டம் கற்றோர்க்கே உரியதன்று. மொழி கற்றோர்க்கும் உரியது.

இலங்கையின் 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, சாட்சி சொல்வதை முழுமையாக எழுதுக என்கிறது. எழுதியதை அவருக்குக் காட்டவோ வாசிக்கவோ வேண்டும். எழுதிய மொழி விளங்காதாயின் விளங்கும் மொழியிற் பெயர்த்துரைக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. நல்ல விதியே. ஆயின், பெயர்ப்புப் பிழைபடின் அதனைக் காட்டும் சான்று யாது?

வட்டவளைத் தோட்டமொன்றிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி, “நான் மலையில நின்னேன், அவங்க வந்து அடிச்சாங்க” என்று கூறுவதாகக் கொள்வோம். தோட்ட வழக்கில் ‘மலை’ என்பது கொழுந்தெடுக்கும் தேயிலை நிலம். அகராதி மட்டும் அறிந்தார்க்கோ அது குன்று. ‘அவங்க’ என்பார் பலரா, மதிப்புக்குரிய ஒருவரா? கேட்டுத் தெளியாது பிறமொழியில் எழுதுபவர், இரண்டில் ஒன்றைத் தாமே தேர்ந்துவிடுவார். ‘பலர்’ என்று எழுதப்பட்ட பின், அவள் நீதிமன்றில் ‘ஒருவர்’ என்பாளாயின், முன்னுக்குப் பின் முரண் என்று காட்ட அதே 110ஆம் பிரிவு இடந்தருகின்றது. பிழைத்தது அவள் நாவன்று, எழுதியவர் கோலே. எனினும் பழி அவளைச் சாரும்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தமிழில் எழுதவல்லோர் ஒவ்வொரு பொலீஸ் நிலையத்தும் இருப்பின் குறை பாதி தீரும். மறுபாதி தீராது. தமிழறிந்தாரும் பேச்சை ஏட்டுநடையாக்குங்கால், “அவரு மாதிரி இருந்திச்சு” என்னும் ஐயம் தேய்ந்து “அவரைக் கண்டேன்” என்னும் துணிபாகிவிடக் கூடும்.

பெரியபுராணம் கற்றோர் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை அறிவர். சுந்தரர் கிழித்தது படி ஓலையே. மூல ஓலை முதியவர் கையில் இருந்தமையால் வழக்கு நின்றது. அவையோரும் அதன் கையெழுத்தை வேறோர் ஆவணத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். பொலீஸ் ஏடு படி ஓலை; சாட்சியின் குரலே மூல ஓலை. இன்று நாம் படியை மட்டும் பேணி, மூலத்தைக் காற்றில் விடுகிறோம்.

குரல் பதிவாயிற் சாட்சிகள் அஞ்சுவர் என்பார் உளர். அடுத்த காம்பராவின் பேச்சுச் சுவர்கடந்து கேட்கும் லயத்தில் வாழ்வார்க்கு அவ்வச்சம் இயல்பே. அதற்கு மாற்று, பதிவை ஒழிப்பதன்று. முத்திரையிட்டு நீதிமன்றின் காவலில் வைப்பதேயாம். சாட்சிகளின் பாதுகாப்புக்கென 2023ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டமும் உண்டு.

இது புதுமையுமன்று. துன்புறுத்தப்பட்ட சிறுவரின் முதல் நேர்காணலை ஒளிப்பதிவாக நீதிமன்று ஏற்க, 1999ஆம் ஆண்டு 32ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டிலேயே வழிவகுத்தது. இந்தியாவின் 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் சாட்சியின் கூற்றை ஒலி, ஒளி வடிவிற் பதிய இடந்தந்தது. ஆயினும் அதனைக் கட்டாயமாக்கவில்லை.

நாம் கட்டாயமாக்கல் வேண்டும். சாட்சியின் மொழியும் எழுதுவோரின் மொழியும் வேறாகும் இடங்களில் முதற்கண் தொடங்குக. அவ்வொலிப்பதிவு நேர்மையாய் எழுதிய பொலீசாரையும் வீண்பழியினின்று காக்கும். எழுத்தறியாதார்க்குத் தம் குரலன்றி வேறு ஆவணம் இல்லை. அதனைப் பேணுதல் அரசின் கடன்.