வாஷிங்டன் போட்ட வரியை மாகறல் ஏன் கட்ட வேண்டும்?

மாகறல், காவாந்தண்டலம், பெருநகர், மானாம்பதி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து விடியற்காலையில் ஷூ கம்பெனிக்கும் போன் கம்பெனிக்கும் பஸ் ஏறும் தோழர்களே,

தீபாவளி 2025 அக்டோபர் 20. நடுவில் நான்கு வாரம்கூட இல்லை. அதற்குள் போனஸ் முடிவாகிவிடும். கான்ட்ராக்ட் ஆட்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்ற பட்டியலும் தயாராகிவிடும். நாம் வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் இவையெல்லாம் நடக்கும். அதனால்தான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக மொத்தம் 50. அன்றிலிருந்து லைனில் ஒரே பேச்சுதான் ஓடுகிறது: "அமெரிக்காக்காரன் தொழிலையெல்லாம் தன் ஊருக்கே இழுத்துக்கொள்கிறான். இந்த நேரத்தில் சம்பளம், போனஸ் என்று கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்." ஓ.டி. குறைந்துவிட்டது. ஆனால் டார்கெட் குறையவில்லை. குழுக் கடன் தவணையும் குறையவில்லை. பயம் மட்டும் கூடியிருக்கிறது. அந்தப் பயத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

இந்த வரியைக் கட்டுவது யார்? சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியதும், அதை இறக்குமதி செய்கிற அமெரிக்கக் கம்பெனி அங்கேயே சுங்கத்தில் கட்டுகிறது. கட்டியதில் கொஞ்சத்தைத் தன் கடை விலையில் ஏற்றுகிறது. மீதிக்கு, "விலையைக் குறைத்துக் கொடு" என்று இங்கே செய்து தருகிறவரை நெருக்குகிறது. அவர் அந்த நெருக்கடியை மேனேஜர், சூப்பர்வைசர் வழியாக நம் மேல் இறக்குகிறார். நூறு பேர் தைத்த இடத்தில் எண்பது பேர். பத்து நிமிட டீ நேரம் ஏழு நிமிடம். பே ஸ்லிப்பில் 'அமெரிக்க வரி' என்று ஒரு வரிகூட இருக்காது, ஆனாலும் பிடித்தம் நடந்துகொண்டே இருக்கும்.

இந்த ஆண்டு வரியால் தனக்குக் கூடும் செலவு சுமார் 100 கோடி டாலர் என்று நைக்கி ஜூன் மாதமே அறிவித்தது. அதை ஈடுகட்ட, 100 டாலருக்கு மேல் விற்கும் ஷூக்களுக்கு ஐந்து டாலர், பத்து டாலர் என்று விலை ஏற்றியது. ஐந்து டாலர் என்றால் நம் பணத்தில் சுமார் 440 ரூபாய். நம்மில் பலருக்கு ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். அங்கே ஒரே ஒரு ஜோடியில் அவ்வளவு ஏற்ற முடிகிறவர்கள், நாள் முழுக்க நூற்றுக்கணக்கான ஜோடிகளைக் கையாளுகிற நம்மிடம் வந்து குறைக்கச் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

அடுத்தது, கம்பெனி அமெரிக்காவுக்கே போய்விடும் என்கிற மிரட்டல். அங்கே விற்கும் ஷூக்களில் நூற்றுக்கு 99 வெளிநாட்டில் செய்தவை. அங்கே மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், அதாவது 630 ரூபாய்க்கு மேல். அந்தக் கூலியைக் கொடுக்கத் துணிந்தாலும் உடனே ஆலை வந்துவிடாது. மேல்பாகம் வெட்ட, தைக்க, லாஸ்டில் ஏற்ற, சோல் ஒட்ட, ஒவ்வொன்றுக்கும் பழகிய கைகள் வேண்டும். சோல், பசை, நூல், அச்சு செய்கிறவர்கள் பக்கத்திலேயே வேண்டும். அந்தக் கட்டமைப்பு அங்கே கலைந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆலைக் கட்டடத்துக்கு வேண்டிய எஃகு இறக்குமதிக்கே ஜூன் 4 முதல் அவர்கள் போட்டிருக்கும் வரி 50 சதவீதம்! ஏப்ரல் 2 அன்று நமக்கு 26 என்றார்கள், ஒரே வாரத்தில் நிறுத்திவைத்தார்கள், ஆகஸ்டில் 25 என்றார்கள், அந்த மாதமே 50 ஆக்கினார்கள். இப்படி மாறுகிற ஒன்றை நம்பிப் பத்தாண்டுக்கான முதலீட்டை எந்த முதலாளி போடுவான்?

முயன்று பார்த்தவர்களும் உண்டு. அடிடாஸ் 2017-இல் அட்லாண்டாவில் ரோபோக்களை வைத்து ஷூ ஆலை தொடங்கியது. 2019 நவம்பரிலேயே மூடப்போவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவுக்கு அனுப்பிவிட்டது. நமக்கு நன்றாகத் தெரிந்த ஃபாக்ஸ்கானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 பேருக்கு வேலை என்றது. அடுத்த ஆண்டு ட்ரம்ப்பே போய் மண்வெட்டி பிடித்துத் தொடங்கிவைத்து, உலகின் எட்டாவது அதிசயம் என்றார். 2021 ஏப்ரலில் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது அது 67 கோடி டாலராகவும் 1,454 வேலையாகவும் சுருங்கியிருந்தது. அதே ஃபாக்ஸ்கான் சுங்குவார்சத்திரம் பக்கம் இந்த ஆண்டுகளில் வளர்ந்துகொண்டே போனது.

ஆனால் உங்களிடம் பாதி உண்மையை மட்டும் சொல்ல மாட்டேன். ஆர்டர் அமெரிக்காவுக்குப் போகாது. வியட்நாமுக்குப் போகலாம், இந்தோனேசியாவுக்குப் போகலாம். 2025 ஆகஸ்ட் நிலவரப்படி அவர்களுக்கு வரி 20, 19. நமக்கு 50. செய்யாறு சிப்காட்டில் ஷூ செய்யும் குழுமத்துக்கே அந்த நாடுகளிலும் ஆலைகள் உண்டு. ஆகவே ஆபத்து நிஜம். அந்த ஆபத்துக்கு மருந்து நம் கூலியைக் குறைப்பதா? 30 சதவீத வித்தியாசத்தை நம் கூலியால் அடைக்கவே முடியாது. ஒரு ஜோடி ஷூவின் விலையில் தையல்காரியின் கூலி அவ்வளவு சின்னப் பங்கு. நம்மைப் பட்டினி போட்டாலும் அந்தக் கணக்கு நேராகாது. அது இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டியது. தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, நாடு முழுவதற்கும் அது 20 சதவீதம்தான் என்று முதல்வர் பிரதமருக்கு எழுதினார். பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு ஆகஸ்டிலேயே தற்காலிகமாக நீக்கியது. ஆலை முதலாளிகள் கேட்டார்கள், சில நாளில் கிடைத்தது. திருப்பூரிலும் ஆம்பூரிலும் ஷிஃப்ட் இழந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கேட்க ஆள் சேராத இடத்தில் எதுவும் கிடைக்காது.

அடங்கிப் போனால் வேலை நிலைக்கும் என்று நினைக்கிறவர்கள் நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் அந்த வேலைக்காகப் படிப்பை விட்டார்கள்! கம்பெனியின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வருமான வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலையை எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அன்றைக்கு எந்த ட்ரம்ப் வரியும் இல்லை.

போன் கம்பெனிக்குப் போகும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. போனுக்கு வரிவிலக்கு இருக்கிறது, ஷூக்காரர்கள் பாடு அவர்களோடு என்று இருந்துவிடாதீர்கள். மே மாதம் கத்தாரில் நின்றுகொண்டு, இந்தியாவில் ஆலை கட்டாதே என்று ஆப்பிள் தலைவரிடம் சொல்லிவிட்டதாகப் பேசியவர் ட்ரம்ப்தான். அடுத்த வாரமே, அமெரிக்காவில் செய்யாத ஐபோனுக்கு 25 சதவீதம் என்று மிரட்டினார். ஒரே வீட்டில் அக்கா ஷூவுக்குப் போகிறாள், தங்கை போனுக்குப் போகிறாள். இன்று அக்காவோடு நிற்காத தங்கைக்கு நாளை யார் நிற்பார்கள்?

அமெரிக்கத் தொழிலாளிமேல் கோபம் வேண்டாம். மெய்ன், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலங்களில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஷூ ஆலை இருந்தது. மலிவான கை தேடி அந்த வேலை கொரியாவுக்கும் தைவானுக்கும் போனது, பிறகு சீனா, வியட்நாம், இப்போது செய்யாறு. அங்கே வேலை இழந்தவர்களும் இதே மாதிரி ஒரு நாள் காலையில் வாசலில் நோட்டீஸைப் படித்தவர்கள்தான்.

இந்த 2025 தீபாவளிக்கு முன் நம் கையில் என்ன இருக்கிறது? 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தால் குறைந்தது 8.33 சதவீதம் தந்தாக வேண்டும். நஷ்டம் என்றாலும் தந்தாக வேண்டும். புதிய ஆலைக்கு முதல் ஐந்தாண்டு சில சலுகை உண்டு, பழைய ஆலைக்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். கான்ட்ராக்டர் கூலி தராமல் போனால் கம்பெனியே தர வேண்டும். ஒரு வருடம் வேலை செய்தவர்களை 'ஆர்டர் இல்லை' என்று வீட்டில் உட்காரவைத்தால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். இந்த நூறை முந்நூறாக உயர்த்தும் சட்டத்தை 2020-லேயே நிறைவேற்றி வைத்திருக்கிறார்கள், 2025 தீபாவளிக்கு முன்பு அது நடைமுறைக்கு வரவில்லை. இருக்கிற உரிமையை இருக்கும்போதே பயன்படுத்துவோம்.

சட்டம் தானாக நடந்து வராது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் மருத்துவமனையில் கிடந்தபோது, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தவர்கள் நம்மைப் போன்ற பெண்கள். அதன்பிறகுதான் உலகம் அந்த விடுதிகளைத் திரும்பிப் பார்த்தது. 2024-இல் சாம்சங் தோழர்கள் 37 நாள் வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்கள்.

நம்முடைய முதல் கோரிக்கை கணக்கு. எவ்வளவு ஆர்டர் போனது, வாங்குகிறவர் எவ்வளவு தள்ளுபடி கேட்டார், அதில் முதலாளி ஏற்றது எவ்வளவு, நம் மேல் இறக்கியது எவ்வளவு? எழுத்தில் காட்டட்டும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது என்கிறது. அந்தச் சபையில் நம் பாட்டிமாருக்கு இடம் இருந்ததில்லை, நிலமும் வேதமும் உள்ளவர்களின் சபை அது. ஆனாலும் கணக்குக் கேட்பது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டாக இருக்கிற வழக்கம். இனி நாம் கேட்போம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாகறல் பஸ் நிறுத்தத்தில் கூடுவோம். நிரந்தரம், கான்ட்ராக்ட், ட்ரெயினி என்ற பேதம் வேண்டாம். கடைசி ஆறு மாத பே ஸ்லிப், ஐ.டி. கார்டு, ஓ.டி. எழுதிவைத்த நோட்டு, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஊர்வாரியாக இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், அன்றே தேர்ந்தெடுப்போம். போனஸ் கோரிக்கை மனுவில் அங்கேயே கையெழுத்து. செவ்வாய்க்கிழமை அது தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஷிஃப்டில் இருப்பவர்கள் வீட்டு ஆளிடம் பே ஸ்லிப் நகலைக் கொடுத்தனுப்புங்கள். அண்ணன்மார்களே, அன்று ஒரு மாலை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பெண்கள் வரட்டும்.