பட்டம் தருகிறவனின் தகுதி

கௌரவ டாக்டர் பட்டம் பெறுகிறவரின் தகுதியைச் சொல்வதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தருகிற பல்கலைக்கழகத்தின் தகுதியைத்தான் சொல்கிறது. தன் வகுப்பறைக்கு வெளியே வளர்ந்த அறிவை அடையாளம் காணும் கண்ணும், அதை ஊரறியச் சொல்லும் தைரியமும் அதற்கு உண்டா என்பதே கேள்வி. இது பல்கலைக்கழகம் எழுதும் பரீட்சை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1932-ல் உ.வே. சாமிநாதையருக்கு டாக்டர் பட்டம் தந்தபோது இந்தப் பரீட்சையில் தேறியது. சீவகசிந்தாமணியை 1887-லும் புறநானூற்றை 1894-லும் பதிப்பித்தவர். கல்லூரிப் பட்டம் இல்லாதவர், குருவிடம் பாடம் கேட்டவர். பட்டம் வந்தபோது வயது 77. தாமதம்தான். ஆனால் அந்தக் கிழவரிடம் பல்கலைக்கழகத்துக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. அந்தக் கௌரவம் சுத்தமாக இருந்தது அதனால்தான்.

1971-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கருணாநிதிக்குப் பட்டம் தந்தபோது அவர் முதல்வர். மாணவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் தடியடி நடத்தியது, அந்தக் கலவரத்தை ஒட்டி ஒரு மாணவர் உயிரிழந்தார். அந்தச் சாவு பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கும் தந்தது. ஜெயலலிதாவுக்கோ அவர் பதவியேற்ற 1991-லேயே தந்துவிட்டது. கட்சி மாறிற்று, குனிந்த முதுகு மாறவில்லை.

முதல்வர் எழுத்தாளராகவோ கலைஞராகவோ இருக்கக்கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக இருக்கலாம். அவர் பதவி இறங்கும்வரை பல்கலைக்கழகம் காத்திருக்கலாமே? இந்த ஆசாமியின் மேதைமை, கோட்டையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் எப்படிப் பேராசிரியர்கள் கண்ணுக்குத் தெரிகிறது? கல்வி மந்திரியே இணைவேந்தர், நிதி வருவது கோட்டையிலிருந்து என்ற ஏற்பாட்டில் இதற்குப் பெயர் கௌரவம் அல்ல, கப்பம். 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டு, தன்னிடம் படித்த தாட்சருக்கு, அவர் பிரதமராக இருக்கும்போதே, 738-க்கு 319 என்ற வாக்கில் பட்டம் மறுத்தது. கல்விக்கான நிதியை அவர் அரசு வெட்டியதுதான் அவர்கள் கோபம். நம் பேராசிரியப் பெருந்தகைகளுக்கு அப்படி ஒரு கோபம் கனவிலாவது வருமா?

இப்போது எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெருகிவிட்டன. கப்பம் விளம்பரமாக உருமாறியிருக்கிறது. பல்லாவரத்து வேல்ஸ் 2022-ல் சிலம்பரசனுக்கும் 2024-ல் ராம்சரணுக்கும் டாக்டர் பட்டம் தந்தது. நடிகர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, கூப்பிட்டால் போகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் நடிகரின் படமும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வருகின்றன. அது விளம்பரக் கணக்கு. நான் வசிக்கும் அணுபுரத்தில், கல்பாக்கத்து உலைகளின் சோடியத்தோடு வருஷக்கணக்கில் மல்லாடி ஆய்வேட்டை முடிக்கிறவர்களும் இதே இரண்டெழுத்தைத்தான் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறார்கள். கௌரவப் பட்டக்காரர் அதைப் போட்டுக்கொள்வதில்லை என்பது பொது மரபு. இங்கே பட்டம் வாங்குவதே அதற்காகத்தான்.

2023 பிப்ரவரியில் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக மண்டபத்தைப் பிடித்து, சினிமாக்காரர்கள் உள்ளிட்ட பலருக்குப் போலி டாக்டர் பட்டங்களை வழங்கியது. பல்கலைக்கழகம் போலீசுக்குப் போயிற்று. எல்லாரும் மோசடி என்றார்கள். மோசடிதான். ஆனால் ஒரு மண்டபமும் அங்கியும் இருந்தாலே அசலென்று நம்பும்படி அசலை மலிவாக்கியவர்கள் யார்? அவர்கள் மேல் வழக்கு இல்லை.

மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் பல்லவ அரசனின் பட்டங்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அத்யந்தகாமன், எல்லையில்லா ஆசை உடையவன், என்பது ஒன்று. பக்கத்துப் பூஞ்சேரிப் பாறையிலும் சில பெயர்கள் உண்டு. கல் தச்சர்களின் பெயர்கள் என்கிறார்கள். கேவாத பெருந்தச்சன் என்று ஒருவன். அவன் பட்டத்தில் அவன் தொழில் இருக்கிறது. அதைக் கொடுக்க யாரும் அங்கி மாட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை.