கோவா மரம்... கோவாவுல இல்லீங்க!

காலையில காலேஜ், சாயங்காலம் பனியன் கம்பெனியில செக்கிங். சனிக்கிழமை சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசோட வந்தார் நம்ம தம்பி ஒருத்தர். “அண்ணா, மேல, பின்னாடி, பக்கவாட்டு... மொத்தமும் கோவா மரத்துல செஞ்ச கிடாருங்ணா. இருபதாயிரம்தான். எடுத்துரட்டுங்களா?”

பொறுங்க தம்பி!

இந்தக் கோவா, ஹவாய் தீவுகள்ல மட்டும் இயற்கையா வளர்ற வேல மர இனம். முழுசும் அசல் பலகைன்னா லட்சத்துலதான் பேச்சு. குறைஞ்ச விலையில வர்றது பெரும்பாலும் லேமினேட். அதாவது, வேற மரத்து ப்ளை மேல மெல்லிசா கோவா ஒட்டினது.

நூலை உருவி எரிச்சே காட்டனா, பாலியஸ்டரான்னு சொல்ற ஊர்க்காரங்க நாம. கிடாரை எரிக்க வேண்டாம் பாஸ்! நடு ஓட்டையோட விளிம்பைப் பாருங்க. மேல தெரியுற மர ரேகை அப்படியே விளிம்பு வழியா இறங்கினா அசல். அடுக்கடுக்கா தெரிஞ்சா ப்ளை.

அசல் கோவாவும் முதல் நாளே மயக்கிடாது. வாசிக்க வாசிக்கத்தான் குரல் கனியும்னு சொல்வாங்க. (அதோட நெருங்கின சொந்தம், ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த பிளாக்வுட், நம்ம ஊட்டி மலையிலயே நிக்குது. நம்ம ஈட்டி மரம்தான் உலகத்துல எத்தனையோ கிடாருக்கு முதுகு!)

சத்தத்துல பெரும்பங்கு, அதிர்ற மேல்பலகையோடது. அது அசல் ஸ்ப்ரூஸா இருக்கட்டும், பின்னாடி ப்ளையே போதும்னேன். மிச்சக் காசுக்கு ஒரு பை, ரெண்டு செட் கம்பி.

“சரிங்ணா... கலர் மட்டும் கோவா மாதிரி கிடைக்குமுங்களா?”