தன்னையே திட்டிக்கொள்வது வைத்தியம் ஆகாது
உண்ணல் கோளாறு உள்ளவர்கள் குறித்து எங்கள் மகளிர் சங்கத்தின் நிலைப்பாடு

தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரம் ஒதுக்கிவிட்டு, ரசத்தை மட்டும் குடித்து எழுந்துபோகும் பெண்ணைப் 'பிடிவாதக்காரி' என்கிறோம். யாரும் இல்லாதபோது அள்ளித் தின்றுவிட்டு, கிணற்றடியில் விரல்விட்டு வாந்தி எடுப்பவளை 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்கிறோம். இரண்டும் நோய். ஆண்பிள்ளைகளுக்கும் வரும். நாம் சொல்வதைவிடக் கடுமையான வசவுகளை அவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வசவு பட்டினிக்குத் தள்ளும்; பட்டினி கிடந்த உடம்பு கிடைத்ததை அள்ளித் தின்னும்; அதனால் வரும் வெட்கம் மறுபடி வசவாகும். இதில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது?

பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்று இதைத் தள்ளவும் முடியாது. பெரிய வியாதி என்றால் எங்கள் ஊரான கார்வேட்டிநகரத்திலிருந்து பலர் போவது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு. அங்கே 2000 முதல் 2005 வரை மனநலப் பிரிவுக்கு வந்த 3,274 சிறார்களின் பதிவேடுகளை ஆராய்ந்ததில், 41 பேருக்கு உண்ணல் கோளாறு இருந்தது. அதிகம் கண்டது மன நெருக்கடியால் வரும் வாந்தி. நம் வீடுகளில் இதற்கு முதலில் செய்வது வயிற்று வைத்தியம், அடுத்தது மந்திரிப்பு.

பட்டினியைப் பற்றிப் பேசுவதால் விரதத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. திருத்தணி முருகனுக்குக் கிருத்திகை இருப்பவர் மறுநாள் நிம்மதியாகச் சாப்பிடுவார். மறுநாளும் சோற்றைக் கண்டு பயந்து, அடுத்த விரதத்தைத் தேடுபவரைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

வசவு நோயை வளர்க்கிறது என்பதற்காக, 'உன்மேல் நீயே கொஞ்சம் பரிவு காட்டு' என்று சொல்லிவிட்டால் போதும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. கனடாவில் ஆலிசன் கெல்லியும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உண்ணல் கோளாறு உள்ளவர்களில் தன்மேல் பரிவு குறைந்தும், அந்தப் பரிவைக் கண்டே அதிகம் பயந்தும் இருந்தவர்களுக்கு 12 வாரச் சிகிச்சையிலும் முன்னேற்றம் தெரியவில்லை. தன்னைத் திட்டுவதை நிறுத்தினால் கட்டுப்பாடே கைவிட்டுப் போகும் என்பது இவர்களில் பலருக்கு உள்ள பயம். அந்தப் பயத்தையும் சேர்த்தே பேசும் சிகிச்சையை இங்கிலாந்தில் பால் கில்பர்ட் உருவாக்கினார். கென் காஸ் அதை உண்ணல் கோளாறுக்குப் பொருத்தினார். எடையையும் ரத்தத்தையும் பார்க்கும் மருத்துவத்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது இந்தச் சிகிச்சை. மருத்துவத்துக்கு மாற்று ஆகாது.

தன்மேல் பரிவு கொள்ளும் பொறுப்பையும் நோயாளி தலையிலேயே கட்டுவது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. முதலில் மாற வேண்டியவர்கள் சுற்றியிருப்பவர்கள். பள்ளியிலும் விடுதியிலும் எல்லார் முன்னிலையிலும் எடையைப் படித்துச் சொல்வதை நிறுத்த வேண்டும். கல்யாண வீட்டில் 'என்னடி இப்படி ஊதிட்டே' என்பதை நாம் விட வேண்டும். 'இளைச்சு அழகாயிட்டே' என்பதையும்தான். சாப்பாட்டு நேரத்தில் விசாரணை வேண்டாம். 'வா, நானும் உன்கூட உக்காந்து சாப்பிடறேன்' என்றால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் தாய்மொழியில், தமிழோ தெலுங்கோ, தனியாக வைத்துப் பேச இடம் வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஓயாத வாந்தி, மாதவிலக்கு நின்றுபோவது ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வாந்தியால் உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். யாரிடமாவது பேச வேண்டும் என்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.