கடவுச்சீட்டு கற்பிக்கும் ஆங்கிலம்

ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தென்கொரியாவின் இன்ச்சான் விமான நிலையத்தில் ஓர் இளைஞர் கூட்டம் வந்திறங்குகிறது. கையில் ஓராண்டு ஒப்பந்தம். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி. அவர்களுள் உயிரியல் படித்தவர் உண்டு, வணிகவியல் படித்தவர் உண்டு, வகுப்பறையில் ஒருநாளும் ஆசிரியராக நின்றிராதவரும் உண்டு. சில நாள் அறிமுகப் பயிற்சிக்குப் பிறகு அவர்கள் வெவ்வேறு மாகாணங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். பள்ளி தொடங்கியதும் குழந்தைகள் அவர்களை ஆசிரியர் என்று அழைக்கிறார்கள்.

அந்த இளைஞரைக் குறை கூறுவதற்கில்லை. மொழி தெரியாத ஊரில், தனியறையில், முதல் வாரத்தின் ஏக்கத்தோடு மறுநாள் பாடத்துக்கு அணியமாகும் அவர், தமக்குக் கிடைத்த வாய்ப்பை ஏற்றவர் மட்டுமே. அவரை அந்த வகுப்பறைக்குத் தகுதியுடையவர் ஆக்கியது எது என்பதே கேள்வி.

விடை விசா விதியில் இருக்கிறது. மொழி கற்பிப்போருக்குரிய ஈ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இவர்களுக்கு விசா கேட்கும் கல்வித்தகுதி ஓர் இளநிலைப் பட்டம். அது எந்தத் துறையினதாகவும் இருக்கலாம். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் இந்தியருக்கும் ஒரு சிறு கதவைத் திறந்தது. ஆனால் இந்தியர் பட்டத்தோடு ஆசிரியப் பணிக்கான சான்றும் காட்ட வேண்டும். ஒருவருக்குக் கடவுச்சீட்டே தகுதி. மற்றவருக்குத் தகுதியும் சலுகையாகவே வாய்க்கிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணம் மொழியியல் சார்ந்தது. கற்பிப்பவர் ‘வொனொமின்’, அதாவது அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவராக இருக்க வேண்டும் என்பர். இந்தக் காரணம் பட்டியலைக் கொண்டே பொய்யாகிறது. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிங்கப்பூரிலோ, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. எனினும் பட்டியலில் தென்னாப்பிரிக்கா உண்டு, சிங்கப்பூர் இல்லை. தாய்மொழி என்ற சொல் இங்கு மொழியைக் குறிக்கவில்லை. அரசுகளின் வரிசையைக் குறிக்கிறது.

ஒலிப்பின் பொருட்டே இந்த ஏற்பாடு என்று சிலர் வாதிடுவர். கிளாஸ்கோவின் ஒலிப்பும் டெக்சாஸின் ஒலிப்பும் ஜோகன்னஸ்பர்க்கின் ஒலிப்பும் ஒன்றல்ல. அவை அனைத்தையும் பட்டியல் ஏற்கிறது. ஹைதராபாத்தின் ஒலிப்பு மட்டும் குழந்தையின் செவியைக் கெடுத்துவிடும் என்பதற்கு மொழியியலில் ஆதாரம் தேடுவது வீண். அக்குழந்தை வளர்ந்து ஆங்கிலத்தில் உரையாடப் போவது வியட்நாமியரோடும் சீனரோடும் இந்தியரோடும்தான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டை ஆராய்ந்த ராபர்ட் பிலிப்சன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்ற கருத்து அங்கு ஒரு கோட்பாடாகவே நிலைபெற்றதைக் காட்டினார். 1992-இல் வெளிவந்த தம் நூலில் அதைப் போலிக்கோட்பாடு என்றே பெயரிட்டார். காஷ்மீரில் பிறந்த பிரஜ் கச்ரு 1985-இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகளை மூன்று வட்டங்களாக வகுத்தார். ஆங்கிலத்துக்கு ஒரே உரிமையாளர் இல்லை என்று நிறுவுவதே அவர் நோக்கம். யாழ்ப்பாணத் தமிழரான சுரேஷ் கனகராஜா, போர்க்கால யாழ்ப்பாணத்து வகுப்பறைகளைக் கொண்டு, கற்போர் ஆங்கிலத்தைத் தம் தேவைக்கேற்ப எவ்வாறு வளைத்துக்கொள்கிறார்கள் என்று 1999-இல் எழுதினார். இந்த வாதங்கள் பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ளன. விசா அலுவலகத்தை அவை எட்டவில்லை.

இதில் இன்னொரு முரண் உண்டு. இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் போற்றப்படும் செயல்வழி மொழிக்கற்பித்தலுக்கு வித்திட்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம். இலக்கணத்தை நேரடியாகப் போதிக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் மாணவர் முன் வைத்துச் சிக்கலைத் தீர்க்கச் சொல்லும் வகுப்புகள் அவை. அந்த முறையைக் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பில் பயின்றவர் இன்ச்சானில் ஆசிரியராக இறங்குகிறார். அம்முறை பிறந்த மண்ணில் கற்பிப்பவர் கூடுதல் சான்றோடு வரிசையில் நிற்கிறார்.

இழப்பு இந்தியருக்கு மட்டுமன்று. கடும் போட்டித் தேர்வில் வென்று பணிக்கு வந்த கொரிய ஆசிரியர், தம் வகுப்பிலேயே வெளிநாட்டவருக்கு மொழிபெயர்ப்பாளராக ஒதுங்க நேர்கிறது. ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்று வென்ற அனுபவம் அவரிடம் உண்டு. மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு அந்த வகுப்பில் இரண்டாம் இடமே. எவ்வளவு கற்றாலும் இம்மொழி உங்களுடையது ஆகாது என்ற பாடத்தை மாணவர் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றனர்.

கொரியாவை மட்டும் சாடிவிட்டு இந்திய ஆங்கிலத்துறைகள் தப்பிவிட முடியாது. மொழி ஆய்வகங்களில் இன்றும் பிரிட்டிஷ் ஒலிப்பே அளவுகோல். ‘தாய்மொழித் தாக்கம்’ என்பது எம்.டி.ஐ. என்று சுருக்கப்பட்டு, நீக்கவேண்டிய நோயாகவே பேசப்படுகிறது. கச்ருவைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் மாணவி, நேர்காணலில் தன் ஒலிப்புக்காகவே நிராகரிக்கப்படுகிறாள். தேர்வுக்குழுவில் இருப்பவர் அவளுக்குக் கச்ருவைக் கற்பித்தவராகவே இருக்கலாம். வெளிநாட்டு விசா விதியை ஏளனம் செய்யும் துறைகள், அதே விதியைத் தம் வாசலில் எழுதாமல் கடைப்பிடிக்கின்றன.

கடவுச்சீட்டை நீக்கிவிட்டு மொழித்திறனையும் கற்பிக்கும் பயிற்சியையும் சோதித்து ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் நிர்வாகத் தடை எதுவுமில்லை. சியோல் அதைச் செய்ய வேண்டும் என்று கோரும் உரிமை இந்தியக் கல்வியாளருக்கு உண்டு. அந்தக் கோரிக்கை மதிக்கப்பட வேண்டுமெனில், அடுத்த நேர்காணலில் அம்மாணவியின் ஒலிப்பை விட்டுவிட்டு அவள் நடத்திக் காட்டும் பாடத்துக்கு மதிப்பெண் இடுவதிலிருந்து அவர்கள் தொடங்க வேண்டும்.